லுவார் ஆற்றங்கரையில் மிதிவண்டிப் பயணம்

(மூன்றாம் ஆண்டு, இளங்கலைப் புவியியல்)

பயணம் என்றவுடன் நமக்கு நினைவுக்கு வருபவை இரண்டே. ஒன்று புறப்படும் ஊர். மற்றொன்று போய்ச் சேரும் ஊர். இடையில் உள்ள தூரம் எப்படியாவது கடந்து தீர வேண்டிய தொல்லையாகவே நமக்குப் படுகிறது. பேருந்து எத்தனை மணிக்குச் சேரும், உட்கார இடம் கிடைக்குமா என்பவையே நம் கேள்விகள். ஆனால் அந்த இடைத்தூரத்தையே பயணத்தின் பயனாகக் கொண்டு, ஒரு நாளைக்கு 40 அல்லது 50 கிலோமீட்டர் மட்டும் மிதிவண்டியில் மெல்லச் செல்லும் வழக்கம் பிரெஞ்சு நாட்டில் நூறாண்டுகளுக்கு மேலாக இருந்து வருகிறது. அந்த வழக்கத்தைப் பற்றியும், அதற்கு இடம் கொடுத்த ஆற்றுப் பள்ளத்தாக்குகளைப் பற்றியும் நான் அறிந்தவற்றைச் சக மாணவர்களுக்கும் ஆசிரியப் பெருமக்களுக்கும் எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நான் பிரெஞ்சு நாட்டிற்குச் சென்றதில்லை. எங்கள் துறையின் வரைபட வகுப்பில் சமஉயரக் கோடுகளைக் கற்றபோது, உலகின் சில ஆற்றுப் பள்ளத்தாக்குகளை ஒப்பிட்டு எழுதும் பணி எனக்குத் தரப்பட்டது. லுவார் ஆறு என் பங்கில் வந்தது. வரைபடத்தில் ஆற்றை ஒட்டியே ஒரு மிதிவண்டிப் பாதை நூற்றுக்கணக்கான கிலோமீட்டர் ஓடுவதைக் கண்டேன். பிளஸ் ஒன் வகுப்பில் அரசு தந்த சைக்கிளில்தான் இன்றும் நான் கல்லூரிக்கு வருகிறேன். ஆகவே அந்தக் கோட்டின்மீது எனக்குத் தனி அக்கறை ஏற்பட்டதில் வியப்பில்லை.

ஆறு வகுத்த வழி

மிதிவண்டி ஓட்டுபவனுக்கு முதல் எதிரி மேடு. ஆறோ மேடு ஏறாது. எனவே ஆற்றோடு செல்பவன் பெரும்பாலும் மேடு ஏற வேண்டியதில்லை. இந்த எளிய உண்மையே ஆற்றங்கரைப் பயணங்களின் அடிப்படை.

லுவார் பிரெஞ்சு நாட்டின் மிக நீண்ட ஆறு. நீளம் 1,000 கிலோமீட்டருக்குச் சற்று மேல். நாட்டின் நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மழைநீர் இந்த ஆற்றில்தான் வந்து சேர்கிறது. தென்பகுதியிலுள்ள மத்திய மலைத்திட்டில், மோன் ழெர்பியே தெ ழோங் என்னும் மலையடியில் பிறக்கிறது. முதலில் வடக்கு நோக்கி ஓடி, ஓர்லியான் நகரருகே மேற்கே திரும்பி, தூர், சோமூர், நாந்த் முதலிய ஊர்களைக் கடந்து அட்லாண்டிக் பெருங்கடலில் கலக்கிறது.

ஓர்லியானில் ஆறு கடல் மட்டத்திலிருந்து சுமார் 90 மீட்டர் உயரத்தில் ஓடுகிறது. அங்கிருந்து கடலுக்கு 300 கிலோமீட்டருக்கு மேல் தூரம் உண்டு. அப்படியானால் ஒரு கிலோமீட்டருக்கு ஒரு முழம்கூட நிலம் சரிவதில்லை. கண்ணுக்குத் தெரியாத சரிவு இது. காலுக்கும் தெரியாது.

சரிவு இவ்வளவு குறைவாக இருப்பதால் வேறொன்று முக்கியமாகிவிடுகிறது. அதுதான் காற்று. இப்பகுதியில் பெரும்பாலும் மேற்கிலிருந்து, அதாவது கடலிலிருந்து காற்று வீசும். ஆற்றோடு கடலை நோக்கிப் போகிறவனுக்குக் காற்று முகத்தில் அடிக்கும். கடலிலிருந்து ஆற்றுக்கு எதிராக வருகிறவனுக்கு முதுகைத் தள்ளும். ஆற்றோடு போவதா, காற்றோடு போவதா என்று தெரிந்து முடிவு செய்ய வேண்டும். நீரோட்டத்தின் பக்கம் போவதே எளிது என்று நினைப்பவர் இங்கே ஏமாந்து போவார்.

கரை எழுந்த கதை

லுவார் அமைதியான ஆறன்று. கோடையில் நடுவே மணல்திட்டுகள் தெரிய, மெல்லிய நீர்க்கோடுகளாகப் பிரிந்து கிடக்கும். மழைக்காலத்தில் அதே ஆறு கரை புரண்டு வரும். காவிரிக் கரையில் பிறந்தவர்களுக்கு இந்த இரு முகங்களும் புதியன அல்ல. வெள்ளத்தைத் தடுக்க 12ஆம் நூற்றாண்டிலேயே மண்கரைகள் எழுப்பத் தொடங்கினார்கள். பின்வந்த மன்னர்கள் அவற்றை உயர்த்திக்கொண்டே போனார்கள். ஆயினும் 1846, 1856, 1866 ஆகிய மூன்று ஆண்டுகளில் வந்த பெருவெள்ளங்கள் கரைகளைப் பல இடங்களில் உடைத்துக்கொண்டு ஊர்களுக்குள் புகுந்தன. கரை உயர உயர, உடையும்போது விளையும் சேதமும் பெரிதாகும் என்ற பாடத்தை அந்நாட்டுப் பொறியாளர்கள் அப்போது கற்றார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் மேல்பகுதியில் அணைகள் கட்டும் திட்டம் வந்தது. அவற்றுள் ஒன்றான செர் தெ லா ஃபார் அணையை எதிர்த்து 1989இல் மக்கள் அந்த இடத்திலேயே தங்கிப் போராடினார்கள். 1994இல் அரசு அத்திட்டத்தைக் கைவிட்டது. லுவாரின் நடுப்பகுதியில் இன்றும் மணல்திட்டுகள் இடம் மாறுகின்றன. அவற்றில் ஆலாக்கள் முட்டையிட்டுக் குஞ்சு பொரிக்கின்றன.

அன்று வெள்ளத்திற்காக எழுப்பிய கரைகளின் உச்சி இன்று மிதிவண்டிக்காரர்களுக்குப் பாதையாகப் பயன்படுகிறது. சமமான மேல்தளம், ஒரு புறம் ஆறு, மறுபுறம் தாழ்வில் காய்கறித் தோட்டங்களும் திராட்சைக் கொடிகளும் வீட்டுக் கூரைகளும். நிலத்தைவிடச் சில மீட்டர் உயரத்தில் இருந்துகொண்டு பார்ப்பதால் பள்ளத்தாக்கு முழுவதும் கண்ணுக்குள் அடங்குகிறது.

ஆற்றங்கரைப் பாதைகளையும், வண்டி அதிகம் ஓடாத சிற்றூர்ச் சாலைகளையும் இணைத்து, நெவேர் நகரின் அருகிலிருந்து கடல்வரை சுமார் 900 கிலோமீட்டர் நீளத்திற்கு ஒரு தொடர் வழியாக அமைத்திருக்கிறார்கள். இதன் பெரும்பகுதி, அட்லாண்டிக் கரையிலிருந்து கருங்கடல் வரை பல நாடுகளைக் கடந்து செல்லும் 'யூரோவெலோ 6' என்னும் நெடும்பாதையின் பகுதியாகவும் உள்ளது. புதிதாக நிலம் கையகப்படுத்தி, மரம் வெட்டிப் போட்ட சாலையன்று இது. இருந்த கரையையும் இருந்த சாலையையும் ஒன்றோடொன்று கோத்து, திருப்பம்தோறும் வழிகாட்டிப் பலகை நட்டார்கள். பெரும்பணி அவ்வளவுதான்.

வழியில் காண்பவை

மேலிருந்து வருகிறவர் முதலில் வியப்பது பிரியார் என்ற ஊரின் நீர்ப்பாலம். ஆற்றின் குறுக்கே பாலம் கட்டி, அதன்மேல் கால்வாயை ஓடவிட்டிருக்கிறார்கள். 1896இல் திறக்கப்பட்ட இதன் நீளம் 662 மீட்டர். கீழே ஆறு ஓட, மேலே படகு போகும். சற்றுக் கீழே அணுமின் நிலையங்களின் பெரிய குளிர்விப்புக் கோபுரங்களும் தெரியும். லுவார் கரையில் இத்தகைய நிலையங்கள் நான்கு உள்ளன. பழங்கால அரண்மனையை மட்டும் பார்க்க வந்தவர் இன்றைய நாட்டையும் பார்த்தே ஆக வேண்டும்.

சுல்லி என்னும் ஊரிலிருந்து ஷலோன் வரை சுமார் 280 கிலோமீட்டர்ப் பள்ளத்தாக்கை 2000ஆம் ஆண்டில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. முதலாம் பிரான்சுவா மன்னர் 1519இல் கட்டத் தொடங்கிய ஷம்போர் அரண்மனை ஆற்றிலிருந்து சிறிது உள்ளே, காட்டின் நடுவில் இருக்கிறது. அதே 1519ஆம் ஆண்டில்தான் ஓவியர் லியோனார்டோ டா வின்சி இவ்வாற்றங்கரை ஊரான அம்புவாசில் காலமானார். ஷெனோன்ஸோ அரண்மனையோ துணை ஆறான ஷேரின்மேல் பாலம்போல் நிற்கிறது.

அரண்மனைகளைவிட என்னை ஈர்த்தது அவற்றின் கல். தூர், சோமூர்ப் பகுதிகளில் 'துஃபோ' என்னும் வெண்மையான மென்சுண்ணாம்புக் கல் கிடைக்கிறது. வெட்டுவதற்கு எளிது, படகில் ஏற்றி ஆற்றில் அனுப்புவதும் எளிது. இதனால் இப்பள்ளத்தாக்கின் மாளிகையும் மாதா கோயிலும் குடியானவன் வீடும் ஒரே வெண்ணிறம் பெற்றன. கல்லை வெட்டிய இடத்தில் குகைகள் உண்டாயின. அக்குகைகளில் மக்கள் முகப்புச் சுவரும் கதவும் வைத்துக் குடியிருந்தார்கள். இன்றும் சிலர் குடியிருக்கிறார்கள். பல குகைகளில் காளான் வளர்க்கிறார்கள், திராட்சை மதுவைச் சேமிக்கிறார்கள். மன்னனின் மாளிகை எழுந்த பள்ளமே ஏழையின் வீடாயிற்று என்பதை, காரில் விரைபவர் காண்பது அரிது. பாறையடியில் மெதுவாக மிதித்துச் செல்பவர் ஒவ்வொரு கதவையும் எண்ணிக்கொண்டே போகலாம்.

ஒரு நாளின் கணக்கு

ஓய்வாக மிதிப்பவரின் வேகம் மணிக்கு 12 முதல் 15 கிலோமீட்டர். ஒரு நாளில் நான்கு மணி நேரம் மிதித்தால் 50 கிலோமீட்டர் ஆகிவிடும். ஓர்லியானிலிருந்து புளுவா சுமார் 60 கிலோமீட்டர். அங்கிருந்து அம்புவாஸ் சுமார் 35. அம்புவாசிலிருந்து தூர் சுமார் 25. மூன்று நாட்களில் ஒரு மனிதன் வேர்க்காமல் கடக்கும் தூரம் இது. மிச்ச நேரம் முழுவதும் பார்ப்பதற்கும் பேசுவதற்கும் மரத்தடியில் படுப்பதற்கும்.

ஆனால் கிராமத்தின் நேரத்தோடு தன் நேரத்தைப் பொருத்திக்கொள்ளாதவர் பசியோடு கிடக்க நேரும். பிரெஞ்சுச் சிற்றூர்களில் நண்பகலில் கடைகளை இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ சாத்திவிடுவார்கள். ஞாயிறு பிற்பகலும் பெரும்பாலும் அடைப்பு. பல ஊர்களில் திங்கட்கிழமையும் அப்படியே. எனவே காலையிலேயே ரொட்டிக் கடையில் நீண்ட ரொட்டி ஒன்றும், கொஞ்சம் பாலாடைக்கட்டியும், பழமும் வாங்கிப் பையில் வைத்துக்கொள்வது அனுபவப்பட்டவர் வழக்கம். தண்ணீருக்கு அவர்கள் சொல்லும் யோசனை நமக்கு வியப்பாக இருக்கும். ஊர்க் கல்லறைத் தோட்டத்தைத் தேடு என்பார்கள். மலர்ச்செடிகளுக்கு நீர் ஊற்ற அங்கே குழாய் இருக்கும். குடிக்கத் தகாத நீர் என்று பலகை இல்லையானால் நிரப்பிக்கொள்ளலாம். இரவில் தங்க, ஊராட்சியே நடத்தும் கூடாரத் திடல்கள் பல ஊர்களில் உள்ளன, செலவும் குறைவு.

சாலைகளையும் எளிதில் அடையாளம் காணலாம். மாவட்டச் சாலைகளின் எண்களுக்கு முன்னால் 'டி' என்ற எழுத்து இருக்கும். மைல்கற்களின் தலை மஞ்சள் நிறமாக இருக்கும். மிஷெலின் நிறுவனம் 1910 முதல் வெளியிட்டு வரும் சாலை வரைபடங்களில் ஒரு சென்டிமீட்டர் என்பது இரண்டு கிலோமீட்டர். இயற்கை அழகு மிக்க சாலைகளின் ஓரத்தில் பச்சைக் கோடு இழுத்திருப்பார்கள். ஊருக்கு வெளியே மிதிவண்டியை முந்தும் கார் குறைந்தது ஒன்றரை மீட்டர் விலகிச் செல்ல வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். ஊருக்குள் ஒரு மீட்டர்.

இந்தச் சட்டத்தைப் படித்த அன்று மாலை நெடுஞ்சாலையில் வீடு திரும்பும்போது, என்னை உரசினாற்போல் போன லாரிகளுக்கும் எனக்கும் இடையே எவ்வளவு இடைவெளி இருந்தது என்று மனத்திற்குள் அளந்துகொண்டே போனேன்.

வெலோசியோ வகுத்த நெறி

சேன் எத்தியேன் நகரில் பட்டு வணிகராக இருந்தவர் போல் தெ விவி (1853-1930). 'வெலோசியோ' என்ற புனைபெயரில் எழுதினார். 1887இல் மிதிவண்டிக்கென ஓர் இதழ் தொடங்கி, பந்தயத்திற்காக அன்றி ஊர் காண்பதற்காக மிதிப்பதை நாடெங்கும் பரப்பினார். புலால் உண்ணாதவர். மலைப்பாதையில் காலுக்கு ஏற்றவாறு பற்சக்கரத்தை மாற்றிக்கொள்ளும் அமைப்பை வலியுறுத்தினார். அதைப் பலர் கேலி செய்தார்கள். வலிமை இல்லாதவனுக்கே பல்சக்கர மாற்றம் வேண்டும் என்பது அவர்கள் வாதம். புகழ்பெற்ற பிரெஞ்சுச் சுற்றுப் பந்தயத்தில் 1937 வரை அவ்வமைப்புக்கு அனுமதியில்லை. வெலோசியோவோ, மிதிவண்டி எல்லோருக்கும் உரியது, வீரர்களுக்கு மட்டும் அன்று என்று நம்பினார். இன்று நம் ஊர்ச் சிறுவர்கள் 'கியர் சைக்கிள்' என்று ஆசையாய்க் கேட்பதற்குப் பின்னால் இந்த வாதம் நிற்கிறது.

அவர் பயணிகளுக்கு ஏழு விதிகள் வகுத்தார். அவற்றின் சாரம் இது: அடிக்கடி நிற்காதே, பசிக்கும் முன்பே சிறிது சிறிதாக உண், பசியும் உறக்கமும் கெடும் அளவுக்குக் களைத்துப் போகாதே, குளிரும் முன்பே போர்த்திக்கொள், சுடும் முன்பே களை, பயணத்தின்போது மது, இறைச்சி, புகை வேண்டாம், உன் வலிமைக்கு மேல் முண்டாதே, பிறர் மெச்ச மிதிக்காதே. கடைசி விதி மிதிவண்டிக்கு மட்டும் பொருந்துவதாக எனக்குத் தோன்றவில்லை. தேர்வு எழுதும் மாணவனும் கற்பிக்கும் ஆசிரியரும் அதைச் சற்று எண்ணிப் பார்க்கலாம்.

விடுமுறை என்னும் சட்டம்

பாதையும் வண்டியும் இருந்தால் போதுமா? நேரம் வேண்டாமா? இக்கேள்விக்கு விடை 1936ஆம் ஆண்டில் இருக்கிறது. அதுவரை பிரெஞ்சுத் தொழிலாளர்களில் பெரும்பாலோர்க்குச் சம்பளத்துடன் கூடிய விடுமுறை என்பதே கிடையாது. ஊர் சுற்றுவது பணம் படைத்தவர் பொழுதுபோக்கு. அந்த ஆண்டு லியோன் புளும் தலைமையில் மக்கள் முன்னணி அரசு அமைந்தது. பெரும் வேலைநிறுத்தங்கள் நடந்தன. சூன் மாதத்தில், ஆண்டுக்கு இரண்டு வாரம் சம்பளத்துடன் விடுமுறை என்ற சட்டம் நிறைவேறியது. ஓய்வுநேரப் பொறுப்பை ஏற்றிருந்த லியோ லக்ராஞ்ச் முயற்சியால் தொழிலாளர் குடும்பங்களுக்கு ரயில் கட்டணத்தில் 40 விழுக்காடு தள்ளுபடி கிடைத்தது. அக்கோடையில் ஆலைத் தொழிலாளர்கள் கணவனும் மனைவியுமாக, இருவர் மிதிக்கும் ஒரே வண்டியில், கூடாரத்தைக் கட்டிக்கொண்டு புறப்பட்டார்கள். பலர் கடலை முதன்முதலாகக் கண்டது அப்போதுதான். மார்க் சாஞ்ஞியே 1929இல் தொடங்கிய இளைஞர் விடுதிகள் அவர்களுக்கு இரவுத் தங்கல் தந்தன. அந்த இரண்டு வாரம் 1956இல் மூன்றாகவும், 1969இல் நான்காகவும், 1982இல் ஐந்தாகவும் வளர்ந்தது.

என் தந்தையார் விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்கிறார். தறி ஓடாத நாளுக்குக் கூலி இல்லை. காய்ச்சல் வந்தால் கூலி இல்லை, திருவிழாவுக்கும் இல்லை. அவரும் முப்பது ஆண்டுகளாகச் சைக்கிள் ஓட்டுகிறார். வீட்டுக்கும் தறிக்கும் இடையிலான அந்த நான்கு கிலோமீட்டரைத் தவிர வேறெங்கும் அவர் அதை ஓட்டிப் போனதாக எனக்கு நினைவில்லை. பிரெஞ்சு நாட்டான் ஓய்வாக மிதிப்பதற்கும் இவர் அவசரமாக மிதிப்பதற்கும் காரணம் காலில் இல்லை, வண்டியிலும் இல்லை. ஒரு சட்டம் இருப்பதிலும், அது நடைமுறையில் கைக்கு எட்டுவதிலும் இருக்கிறது. ஓய்வு என்பது சோம்பல் அன்று. உழைப்பவர் போராடிப் பெற்ற உரிமை. இதை அறிய நான் லுவார் வரைபடத்தைத் திறக்க வேண்டியிருந்தது.

பிற பள்ளத்தாக்குகள்

லுவார் ஒன்றே வழி என்று எண்ணிவிட வேண்டாம். தெற்கே லோத் ஆறு சுண்ணாம்புப் பாறைகளைக் குடைந்து வளைந்து வளைந்து ஓடுகிறது. காவோர் நகரத்தை மூன்று புறமும் சுற்றிக்கொண்டு செல்கிறது. அங்கே ஆற்றை ஒட்டிப் போவது எளிது. ஆனால் ஒரு பள்ளத்தாக்கிலிருந்து அடுத்ததற்குக் கடக்க விரும்பினால் நடுவிலுள்ள மேட்டுநிலத்தில் ஏறி இறங்கியாக வேண்டும். சமஉயரக் கோடுகள் நெருங்கி நின்றால் தொடை வலிக்கும் என்று நினைவில் வைத்துக்கொண்டால் வரைபடத் தேர்வில் ஒரு கேள்விக்கு விடை எழுதிவிடலாம்.

கால்வாய்க் கரைகளும் உண்டு. பியேர்-போல் ரிக்கே 1666இல் தொடங்கி, 1681இல் நிறைவுற்ற மிடி கால்வாய் 240 கிலோமீட்டர் நீளமுடையது. முன்பு படகை இழுத்த குதிரைகள் நடந்த கரைப்பாதையில் இன்று மிதிவண்டி போகிறது. அக்கரைக்கு நிழல் தந்த பிளேன் மரங்களை 2006 முதல் ஒரு பூஞ்சை நோய் அழித்து வருகிறது. ஆயிரக்கணக்கான மரங்களை வெட்டிவிட்டு, வேறு வகை மரக்கன்றுகளை நட்டு வருகிறார்கள். பர்கண்டியில் ரயில் நின்றுபோன தடத்தின்மேல், ழிவ்ரி முதல் குளுனி வரை, 1997இல் மிதிவண்டிப் பாதை அமைத்தார்கள். ரயிலுக்கென அமைத்த தடம் ஆகையால் அதிலும் கடும் மேடு கிடையாது.

ரயில் நின்ற ஊர்களில் கடையும் பள்ளியும் மூடிக்கொண்டே போவது அந்நாட்டுக் கிராமங்களின் துயரம். மெதுவாக வருகிறவன் ஒவ்வொரு ஊரிலும் ரொட்டி வாங்குகிறான், தேநீர் குடிக்கிறான், இரவு தங்குகிறான். விரைவாகப் போகிறவன் எங்கும் நிற்பதில்லை. பாதை அமைத்த ஊர்கள் இக்கணக்கை நன்கு அறிந்தே அமைத்தன.

முடிவுரை

இன்று நம் கல்லூரியில் சைக்கிளில் வருகிறவனைப் பார்த்து, 'இன்னும் வண்டி வாங்கவில்லையா?' என்று கேட்பது வழக்கமாகிவிட்டது. சைக்கிளை வண்டியாகவே எண்ணாத கேள்வி அது. மோட்டார் வாகனம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. தொலைவும் அவசரமும் உள்ளவர்க்கு அது தேவையே. ஆனால் வசதி பெருகிய நாட்டு மக்கள், கார் வைத்திருந்தும், ஆண்டின் சில நாட்களைச் சைக்கிளுக்கென்று ஒதுக்குகிறார்கள் என்பதை நாம் அறிய வேண்டும். சைக்கிள் இல்லாமையின் அடையாளம் அன்று.

நம் மாவட்டத்திலும் ஆற்றங்கரை உண்டு. வாய்க்கால் கரை உண்டு. கரையோரத்துப் புளியமரமும் தேநீர்க் கடையும் உண்டு. அவை எங்கெங்கே உள்ளன, குடிநீர் எங்கே கிடைக்கும், பஞ்சர் ஒட்டும் கடை எது, எந்த இடத்தில் கரை உடைந்திருக்கிறது என்பவற்றைக் குறித்த வரைபடம் மட்டும் இல்லை. அதை வரைய அரசாணை வேண்டியதில்லை. புவியியல் மாணவர் நால்வரும், ஒரு ஞாயிற்றுக்கிழமையும், ஆளுக்கொரு சைக்கிளும் போதும். வர விரும்புவோர் எங்கள் துறையின் வரைபட அறைக்கு வந்து பெயர் கொடுக்கலாம்.